கிட்டார் பாட்டு, டான்ஸ் ரீமிக்ஸ்: வாசகர் கேள்விகள்

கிட்டார், டிரம்ஸ், ஒரு குரல் என்று நிற்கும் இண்டி ராக் பாட்டு டான்ஸ் ரீமிக்ஸாக மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது? அதை வீட்டுக் கணினியில் எப்படிச் செய்வது? இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி இதைப் பற்றியே இருந்ததால் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

சேலம் வாசகர்: கார்னர்ஷாப் குழுவின் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ பாட்டை வேகமான வடிவத்திலேயே கேட்டுப் பழகியவன் நான். ஆல்பத்தில் அது மெதுவாக, வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. எது அசல்? அந்த ஆஷா நம் ஆஷா போஸ்லேதானா?

அவரேதான். கார்னர்ஷாப் இங்கிலாந்தின் லெஸ்டரில் உருவான குழு. பாட்டை எழுதிப் பாடிய டிஜிந்தர் சிங், இந்திய சினிமாவின் பின்னணிப் பாடகர்களுக்குச் செலுத்திய மரியாதை அது. லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி பெயர்களும் வரிகளில் வரும். இளையராஜா இசையில் ‘செண்பகமே’ பாடி நமக்கு நெருக்கமான குரலுக்காகத்தான் அந்த ஆங்கிலப் பாட்டு என்று தெரிந்து கேட்டால் இன்னும் இனிக்கும். திரும்பத் திரும்ப வரும் ‘ஃபார்ட்டி ஃபைவ்’, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன இசைத்தட்டைக் குறிக்கிறது.

மெதுவாக ஓடுவதுதான் அசல். 1997 ஆகஸ்டில் சிங்கிளாக வந்தபோது பிரிட்டிஷ் பட்டியலில் 60ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதற்காக யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிபிசி ரேடியோ 1-ல் ஜான் பீல் நிகழ்ச்சியின் நேயர்கள் அந்த ஆண்டின் பாட்டாக இதைத்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் பிரபலமான நார்மன் குக் செய்த ரீமிக்ஸ் 1998 பிப்ரவரியில் அதே பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

குக் செய்ததைக் கவனித்துக் கேளுங்கள். வேகத்தை ஏற்றினார்; கூடவே சுருதியும் ஏறியது, இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டதுபோல. அதனால் சிங்கின் சோம்பலான குரலுக்கு ஒரு துள்ளல் வந்துவிட்டது. அடியில் கனமான டிரம் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு) வைத்தார். கிட்டார் ரிஃப்பில் (மீண்டும் மீண்டும் வரும் வாசிப்பு) கை வைக்கவில்லை. பல்லவியில் மனதில் ஒட்டும் சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். மூலப் பாட்டு மூன்றே கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) சுற்றுகிறது என்பதால் இத்தனைக்கும் இடம் கொடுத்தது. கார்டுகள் அதிகம் மாறும் பாட்டில் இதே வேலை இவ்வளவு சுலபத்தில் நடந்திருக்காது.

தூத்துக்குடி வாசகர்: பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் ‘லோடட்’ ரீமிக்ஸ் என்கிறார்கள். மூலப் பாட்டைத் தேடிக் கேட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. இதை ரீமிக்ஸ் என்று சொல்லலாமா?

சொல்லலாம். மூலப் பாட்டைக் கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள், சம்பந்தம் புரிந்துவிடும். 1989 ஆல்பத்தில் உள்ள ‘ஐம் லூஸிங் மோர் தேன் ஐல் எவர் ஹேவ்’ என்ற மெதுவான காதல் தோல்விப் பாட்டு அது. டிஜே ஆண்ட்ரூ வெதரால் முதலில் செய்து கொடுத்த வடிவம் அடக்கமாக இருந்தது. பாட்டு அப்படியே இருக்க, அடியில் கூடுதல் தாளம் மட்டும். குழுவின் கிட்டாரிஸ்ட் ஆண்ட்ரூ இன்னஸ் இது போதாது, தயங்காமல் உடைத்துப் போடு என்று திருப்பி அனுப்பினார். பாட்டின் வால்பகுதியில் வரும் பியானோ, ஸ்லைட் கிட்டார், ஊதுகருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு வெதரால் மீதியை எறிந்தார். குழுவின் பாடகர் பாபி கில்லெஸ்பி பாடிய சரணங்கள் போய்விட்டன. எடி பிரிக்கெல் பாட்டு ஒன்றின் திருட்டுப் பதிப்பிலிருந்து எடுத்த டிரம் லூப், தி எமோஷன்ஸ் குழுவின் குரல் துண்டு, 1966-ல் வந்த ‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’ படத்தில் பீட்டர் ஃபோண்டா பேசும் வசனம் ஆகியவை உள்ளே வந்தன. 1990 பிப்ரவரியில் வெளியாகி பிரிட்டனில் 16ஆம் இடம் பிடித்தது. குழுவின் போக்கையே மாற்றியது இந்த ஒரு பாட்டுதான். அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்க்ரீமடெலிகா’ ஆல்பம் 1992-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான முதல் மெர்குரி பரிசைப் பெற்றது.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. எவ்ரிதிங் பட் தி கேர்ள் இருவர் குழுவின் ‘மிஸ்ஸிங்’ பாட்டில் நியூயார்க்கின் ரீமிக்ஸ் தயாரிப்பாளர் டாட் டெர்ரி, பாடகி ட்ரேசி தோர்ன் பாடியதை முதலிலிருந்து முடிவுவரை அப்படியே விட்டுவைத்தார். மாறியது டிரம்ஸும் பேஸும்தான். அது பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 2 என்று ஏறியது. ஒருவர் பாடகரை வெளியேற்றினார், இன்னொருவர் பாடகரைத் தவிர மற்றதை மாற்றினார். இரண்டுமே காலத்தில் நிலைத்துவிட்டன. மூலப் பாட்டில் எது உயிர் என்று இருவரும் முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள் என்பதுதான் இரண்டுக்கும் பொது. சுமாரான ரீமிக்ஸ்களில் பெரும்பாலானவை அந்தத் தீர்மானம் எடுக்காமல், முழுப் பாட்டையும் வைத்துக்கொண்டு அடியில் கிக் (டிரம்ஸின் கனத்த அடி) மட்டும் போட்டவை. வெதராலின் முதல் முயற்சியும் அந்த வகைதான்.

கோவை வாசகர்: பயிற்சிக்காக தி கில்லர்ஸ் குழுவின் ‘மிஸ்டர் பிரைட்சைட்’ பாட்டை எடுத்து 124 பிபிஎம்முக்கு (நிமிடத்துக்கு 124 அடி) இறக்கினேன். குரல் ரோபோ பேசுவது மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. எங்கே தவறு?

தவறு உங்களுடையதல்ல. அந்தப் பாட்டு 148 பிபிஎம். 124க்கு இறக்குவது 16 சதவீதத்துக்கு மேல். சுருதி மாறாமல் இழுக்கும்போது மென்பொருள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, சில துண்டுகளை இரட்டித்து ஒட்டுகிறது. 7, 8 சதவீதம்வரை காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் நீளமான உயிரெழுத்துகளில் அந்த ஒட்டு கேட்க ஆரம்பித்துவிடும்.

முதல் வழி, சுருதியையும் கூடவே இறங்கவிடுவது. வேகத்தை சுமார் 6 சதவீதம் மாற்றினால் சுருதி ஒரு அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்த கட்டை) மாறும். 148-ஐ 124.5 ஆக்கினால் கணக்காக மூன்று அரைச்சுரம் இறங்கும். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் இதற்கு ‘ரீ-பிட்ச்’ என்று பெயர். ஒட்டு எதுவும் இருக்காது, ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால் குரல் கனத்து, பாடுபவருக்கு வயது கூடிய மாதிரி தோன்றும். இருட்டான, மெதுவான ஹவுஸ் வகை டான்ஸ் இசைக்கு அது பொருந்தவும் கூடும், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழியைத்தான் நாங்கள் சொல்வோம். 148-லிருந்து 137வரை மட்டும் ‘காம்ப்ளெக்ஸ் ப்ரோ’ முறையில் இழுங்கள். அது 7 சதவீதம்தான். மீதியை இழுக்காமல் வெட்டிச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் தனித் துண்டாக்கி, அதன் முக்கியமான சொல்லை 124-ன் தாள அடியின்மேல் உட்காரவையுங்கள். வரி சற்று முன்னதாக முடிந்து இடைவெளி விழும். அந்த இடைவெளியை வீண் என்று நினைக்காதீர்கள், உங்கள் சின்த்தும் (சின்தசைசர்) டிலேயும் (எதிரொலி) பேசுவதற்கான இடம் அதுதான். 124-ல் ஓர் அடி 484 மில்லிசெகண்ட். டிலேயை அதன் முக்கால் அளவான 363-ல் வைத்தால் எதிரொலி அடுத்த சொல்லை மிதிக்காமல் துள்ளும்.

மூன்றாவது வழி, 124 என்ற பிடிவாதத்தை விடுவது. 136, 138 என்று வைத்துக்கொண்டு ட்ரான்ஸ் என்ற வேகமான டான்ஸ் வகையின் பக்கம் போனால் பாதி வேலை குறைந்துவிடும்.

இந்தப் பாட்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு சரணங்களுக்கும் ஒரே வரிகள்தான். ஒன்றில் சிம்பல் ஒலி குரல்மேல் வழிந்திருந்தால் அதே வரியை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்டூவர்ட் பிரைஸ் ‘தின் ஒயிட் டியூக்’ என்ற பெயரில் இதே பாட்டுக்குச் செய்த நீண்ட ரீமிக்ஸையும் கேளுங்கள். பாட்டின் அவசரத்தைக் கழற்றிவிட்டு ஏக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது அது. அவரையே பிறகு குழு 2008-ன் ‘டே அண்ட் ஏஜ்’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக்கிக்கொண்டது.

யாழ்ப்பாணம் வாசகர்: மென்பொருள் டெம்போவை (பாட்டின் வேகத்தை) 74 என்று காட்டுகிறது, பாட்டோ வேகமாக இருக்கிறது.

பாதியாக எண்ணிவிட்டது. இரண்டால் பெருக்குங்கள். ஸ்னேர் டிரம் விழுவது 2, 4 அடிகளிலா என்று காலால் தட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

திருச்சி வாசகர்: நான் எடுத்த பாட்டில் டிரம்மர் கிளிக் (காதில் ஓடும் தாளச் சத்தம்) இல்லாமல் வாசித்திருக்கிறார் போல. முதல் எட்டு பார் (நான்கு அடி ஒரு பார்) என் கிக்கோடு ஒட்டிப் போகிறது, பிறகு விலகிவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் மார்க்கர் (அடியை மென்பொருளின் கட்டத்தோடு பிணைக்கும் புள்ளி) வைத்துச் சரிசெய்தேன். இப்போது தாளம் சரி, பாட்டு செத்துவிட்டது.

ஒவ்வொரு அடிக்கும் மார்க்கர் வைத்ததுதான் காரணம். பல்லவியில் முன்னே தள்ளுவதும் சரணத்தில் பின்னே சாய்வதும் டிரம்மரின் கைப்பக்குவம். அதை மொத்தமாக இஸ்திரி போட்டுவிட்டீர்கள். வைத்த மார்க்கர்களை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். முதல் சமத்தை (பாரின் முதல் அடியை) பெரிதாக்கிப் பார்த்து, கிக் அலையின் ஆரம்பத்தில் ஒன்று வையுங்கள். பிறகு நான்கு பாருக்கு ஒன்று போதும். அதற்குள் 20 மில்லிசெகண்ட் விலகல் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் இரண்டு பாருக்கு ஒன்று.

குரலை மட்டும் எடுப்பதாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். வரி வரியாக வெட்டி வையுங்கள். ஆனால் ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள்: துண்டின் ஆரம்ப விளிம்பை அடியின்மேல் வைப்பது. காது அடியை உணர்வது மெய்யெழுத்தில் அல்ல, அதற்குப் பிறகு வரும் உயிர் ஒலியில். ‘ஸ்’, ‘ஷ்’ என்று தொடங்கும் சொல்லில் அந்த உரசல் ஒலி அடிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விளிம்பைக் கட்டத்தில் ஒட்டினால் பாடகர் எப்போதும் பிந்திவருவது போலக் கேட்கும். அலையில் உயிர் ஒலி பருக்கும் இடத்தைப் பார்த்து அதை அடியில் வையுங்கள். ரிதம் தெரிந்த பாடகர் இயல்பாகச் செய்வதும் இதுதான்.

சென்னை வாசகர்: ஸ்டெம் (குரல், டிரம்ஸ் என்று தனித்தனி ஒலி) பிரிக்கும் மென்பொருளில் குரலைப் பிரித்தேன். தனியாகக் கேட்டால் பின்னால் சலசலவென்று ஒரு சத்தம். ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டினால் குரலும் மங்குகிறது.

சிம்பலும் ‘ஸ’கர ஒலிகளும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கின்றன. மென்பொருள் எது யாருடையது என்று ஊகித்துப் பிரிக்கிறது. ஊகம் தப்பிய இடமெல்லாம் சலசலப்பு. டிரம்மர் சிம்பலை விடாமல் அடிக்கும் பாட்டுகளில் இது மோசமாக இருக்கும்.

வெட்டுவதைவிட மறைப்பது நல்லது. உங்கள் புதிய ஹை-ஹேட்டும் ஷேக்கரும் அதே இடத்தில் இருக்கும்படி அமைத்தால் சலசலப்பு அதற்குள் கரைந்துவிடும். ஆகவே தனியாகக் கேட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள், முழு மிக்ஸில் கேளுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் தாராளமாக வெட்டுங்கள், அங்கே பெரும்பாலான பாட்டுகளில் குரலுக்குப் பெரிய வேலை இல்லை. கம்ப்ரெஸரை (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) கடுமையாகப் போடாதீர்கள், அது சொற்களுக்கு நடுவே இருக்கும் குப்பையைத்தான் மேலே தூக்கும். டிரம்ஸ் நின்றுபோகும் பிரேக்டவுனில் மறைக்க எதுவும் இருக்காது என்பதால், அங்கே மூலப் பாட்டில் குரல் தனித்து வரும் வரியை மட்டும் பயன்படுத்துங்கள். எம்பி3-யிலிருந்து பிரிக்காதீர்கள், தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வேண்டும்.

நண்பர்களின் குழுவாக இருந்தால் நேரடியாக ஸ்டெம் கேட்டு வாங்குங்கள். எல்லா டிராக்கும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கி, 24 பிட் வேவாக, மாஸ்டர் லிமிட்டர் (மொத்தச் சத்தத்துக்கு மேல்வரம்பு போடும் கருவி) இல்லாமல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் வேறுவேறு நீளத்தில் வந்து சேரும்.

ஸ்டெம் கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் பயன்படுத்தத் தோன்றும், அங்கேதான் கவனம் வேண்டும். பாரிஸின் ஜஸ்டிஸ் இருவர் குழு, சிமியன் என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘நெவர் பி அலோன்’ பாட்டை ஒரு ரீமிக்ஸ் போட்டிக்காக எடுத்தபோது டிராக்குகள் தனித்தனியாகக் கிடைத்திருந்தன. அவர்கள் எடுத்தது பல்லவியின் குரலை மட்டும். அதுதான் பின்னால் 2006-ல் ‘வீ ஆர் யுவர் ஃபிரெண்ட்ஸ்’ என்ற பெயரில் பரவியது.

மதுரை வாசகர்: கிக் நல்ல சாம்பிள்தான், சத்தமும் கூட்டிவிட்டேன். ஆனாலும் என் ரீமிக்ஸ் கிளப் ஸ்பீக்கரில் சொத்தையாக இருக்கிறது.

மூலப் பாட்டின் பேஸ் கிட்டார் இன்னும் உள்ளே ஓடுகிறதா பாருங்கள். அதன் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது, சுரங்கள் விடாமல் நீள்கின்றன. உங்கள் கிக்கும் அதே 45-60 ஹெர்ட்ஸில் நிற்க இடம் தேடுகிறது. இரண்டும் மோதி ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தத்தைக் கூட்டினால் மோதலும் கூடும். பழைய பேஸை எடுத்துவிட்டுப் புதிதாக வாசியுங்கள், கிக் விழும் நொடியில் விலகும்படி சைட்செயின் போடுங்கள். 4 முதல் 6 டெசிபல் இறங்கினால் போதும். 124 பிபிஎம்மில் ரிலீஸ் (பேஸ் பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 200 மில்லிசெகண்டை ஒட்டி இருந்தால், 242 மில்லிசெகண்டில் வரும் அரை அடிக்கு முன்பே பேஸ் திரும்பி வந்துவிடும். பாட்டு ஏ மைனர் என்றால் கிக்கை 55 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கலாம், ஏ சுரம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த சிக்கல் கார்டுகள். ராக் பாட்டில் பாருக்கு ஒரு கார்டு மாறும், சிலவற்றில் இரண்டு. ஆடுகளத்தில் அது கால்களை ஓரிடத்தில் நிற்கவிடாது. உதாரணமாக சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு பாரில் சுற்றும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். குரலைத் தொடாமல், அடியில் முதல் இரண்டு பாருக்கு ஏ மைனர், அடுத்த இரண்டுக்கு எஃப் என்று மாற்றுங்கள். பாட்டு உடனே இருண்டு, அகலமாகும். வரிசையைத் திருப்பி எஃப்பை முதலில் வைத்தால் சிக்கல்: இரண்டாவது பாரில் ஜி கார்டுக்காகப் பாடிய பி சுரம் எஃப்போடு உரசும். நான்காவது பாரிலும் பாடகர் எஃப் சுரத்தைப் பிடித்தால் ஏ மைனரின் ஈ-யோடு அதே உரசல். காதுக்கு ‘ஏதோ தப்பு’ என்று படுவதன் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றைச் சுரம்தான். கீபோர்டில் குரலின் சுரங்களை ஒருமுறை வாசித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட கிட்டாரை இழுக்கவோ சுருதி மாற்றவோ முயலாதீர்கள். அது அடர்ந்த ஓவர்டோன்களின் (ஒரு சுரத்தோடு சேர்ந்து மேலே ஒலிப்பவை) குவியல், இழுத்தால் நுரைத்துவிடும். மிகத் தெளிவான ஒரே ஒரு பார் ரிஃப்பை எடுத்து லூப்பாக்குங்கள், அல்லது நண்பரைக் கூப்பிட்டுப் புதிய டெம்போவில் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, பலன் பெரிது.

புதுச்சேரி வாசகர்: ரீமிக்ஸ் ஏன் ஒரு நிமிடம் வெறும் தாளத்தோடு தொடங்குகிறது?

முன்பு ஓடும் பாட்டோடு டிஜே கலப்பதற்காக. 124-ல் 16 பார் 31 விநாடி, 32 பார் 62 விநாடி. அந்த இடத்தில் கார்டு எதுவும் வேண்டாம், இருந்தால் முந்தைய பாட்டின் சுருதியோடு சண்டை போடும். ஸ்ட்ரீமிங்குக்குத் தனியாக ஒரு வடிவம் செய்யுங்கள், அதில் குரல் 15 விநாடிக்குள் வந்துவிடலாம்.

ஈரோடு வாசகர்: 31சி பிரிவின்படி ஐந்து ஆண்டு கடந்த பாட்டை யார் வேண்டுமானாலும் ரீமிக்ஸ் செய்து வெளியிடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

சரியில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு பேசுவது கவர் வடிவத்தைப் பற்றி: பாட்டை நீங்களே புதிதாகப் பாடி, வாசித்துப் பதிவு செய்வது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து ராயல்டி கட்ட வேண்டும். அதிலும் தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்க முடியாததைத் தாண்டி வரிகளையோ மெட்டையோ மாற்ற அனுமதி இல்லை. அசல் பாடகரின் குரலை வெட்டி ஒட்டும் ரீமிக்ஸுக்கு அந்தப் பிரிவு உதவாது. அதற்கு இரண்டு சம்மதம் வேண்டும். பாட்டை எழுதியவர்களின் உரிமை யாரிடம் உள்ளதோ அவர்களிடம் ஒன்று. ஒலிப்பதிவின் உரிமையாளரிடம், அதாவது பெரும்பாலும் லேபிளிடம் (இசை நிறுவனத்திடம்), இன்னொன்று. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் வெளியிட முடியாது.

சின்னக் குழு தானே வெளியிட்ட பாட்டு என்றால் இரண்டு உரிமையும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கும். ஒரு மின்னஞ்சலில் முடிகிற காரியம். எழுதும்போது முடிந்த ரீமிக்ஸை அனுப்பாமல் ஒன்றரை நிமிட மாதிரியை அனுப்புங்கள். வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவீதம், யார் பெயரில் வெளியாகும், ரீமிக்ஸ் பதிவின் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் பதில் மின்னஞ்சலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.